கிளியர் கோட்டுக்கு அடியில் ஒரு கட்டைவிரல்

தெருவில் அவருக்குப் பளபளா என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை. ஆனால் உடம்பு வணங்கி அவர் உழைத்ததெல்லாம் வீட்டு முன்னறையில் நின்ற பழைய மோட்டார் சைக்கிளுக்குத்தான்.

அதில் அவர் மனைவி ஏறிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தையல் கம்பெனியில் காலர் தைப்பவள். பஸ்ஸில் நசுங்கித்தான் போய்வருவாள். "ஏங்க, கொண்டுபோய் விடுறீங்களா?" என்றால், "வானம் ஒரு மாதிரி இருக்கு. அலுமினியம் கறுத்துடும்" என்பார். கட்டியவள் கறுத்தால் பரவாயில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டுவாள்.

ஒரு விடுமுறை நாளில் எஞ்சின் மூடியைக் கழற்றி, முகம் தெரியும்வரை தேய்த்தார். தெரிந்ததும் வேலை நின்றது. மீசையை நீவிக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மெருகு மங்காமலிருக்க மேலே நிறமில்லாத கிளியர் கோட் அடிப்பதாகத் திட்டம்.

பெயின்ட் கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார்: "தின்னர் போட்டுப் பிசுக்கு போகத் துடைங்க. அதுக்கப்புறம் வெறுங்கையால தொடாதீங்க. வேர்வை பட்டா அதுவும் உள்ளயே மாட்டிக்கும்."

"எனக்கேவா?" என்று சிரித்துவிட்டு வந்தார்.

அடித்ததும் மூடி என்னவோ கண்ணாடிதான். தெருவே வந்து பார்த்தது. மழை பிடித்துக் கொஞ்ச நாளில் அதன் நடுவே வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை கிளம்பியது. துடைத்தார், போகவில்லை. கோட்டுக்கு அடியில் இருந்தது.

"உன் தம்பி வேலைதான். அன்னைக்கு வந்திருந்தானே" என்றவர், உடனே மச்சானுக்கு ஃபோன் போட்டு, இனி வாசல்படி மிதிக்காதே என்றார். "மாமா, நான் அந்தப் பக்கமே போகலையே" என்று அவன் சொன்னது காதில் ஏறவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு தையல் விலகினாலும் கண்டுபிடிக்கிற கண். ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு ஓடியது.

"உங்க கையைக் காட்டுங்க."

கட்டைவிரலில், எப்போதோ தகரம் கிழித்த தழும்பு. அதே சாய்வு.

அவர் தொண்டையைக் கனைத்தார். "சாமான் மட்டம். நல்ல கோட்டா இருந்தா இதெல்லாம் தெரியுமா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தம்பியை அவளே கூப்பிட்டுச் சமாதானம் சொன்னாள். இவர் வாயிலிருந்து தப்பித்தவறியும் ஒரு மன்னிப்பு வரவில்லை. அதுகூடப் போகட்டும், பக்கத்து வீட்டுக்காரர் அந்த ரேகையைப் பற்றிக் கேட்டபோது, "பொம்பளைங்க கை வைக்காம இருந்தாத்தானே" என்றார், அவள் காதுபடவே.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "கட்டைவிரலைக் காட்டச் சொல்லுங்க, சார்."

பளபளா கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பிறகு அந்தக் கிளியர் கோட்டை உரித்தெடுத்து, கையுறை மாட்டிக்கொண்டு மறுபடி அடித்தார். காய்வதற்குள் ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு யாரைத் திட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை.