சுல்தானுக்குச் சிக்கெடுத்த கதை

சலீமா பீவி வீட்டுப் பூனையைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் அதைப் பூனை என்று நம்ப மாட்டார்கள். சோபாவில் வெள்ளைத் தலையணை கிடக்கிறது என்று நினைத்து உட்காரப் போய்க் கடி வாங்கிய மாப்பிள்ளை ஒருத்தர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கடி பட்ட இடத்தையும் சொல்ல வேண்டிவரும்.

கடலூர் முதுநகரில் எங்கள் தெருமுனையில்தான் என் ஆட்டோ நிற்கும். முனையில் நிற்கிறவனுக்கு எல்லார் வீட்டுக் கதையும் நடந்து வந்து காதில் விழும். அப்படி விழுந்தது பாதி, கண்ணால் பார்த்தது பாதி.

பூனையின் பேர் சுல்தான். பாரசீகத்து ஜாதியாம். மகன் நசீர் அண்ணாமலை நகரில் படித்தபோது, கூடப் படித்த வெண்மதி என்ற பெண் கொடுத்த குட்டி. சலீமா பீவி குட்டியை வீட்டுக்குள் விட்டார். நசீர் கட்டிக்கொள்ள நினைத்த அந்தப் பெண்ணை விடவில்லை. குட்டியைப் பார்க்கிற சாக்கில் அந்தப் பெண் ஒரு தடவை வந்திருந்தது. டீ கொடுத்து, பிஸ்கட் கொடுத்து, "பூனைய பாத்துட்டல்ல கண்ணு, இனிமே வர வேணாம்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பி வைத்தார். அவர் கணவர் முஹம்மது இஸ்மாயில் அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். தனி ஆளாக நின்று எடுத்த முடிவு.

நசீர் சண்டை போடவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. குவைத்துக்குப் போனவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வீடியோவில் வருவான். வந்ததும் ஒரே சொல், "சுல்தான காட்டு." அதற்குமேல் பேச்சு எல்லாம் பூனையோடுதான். "சாப்டியாடா? தூங்குனியாடா?" உம்மாவுக்கு "ம்", "சரி" மட்டும்.

பூனைக்குப் போன் என்றால் என்ன தெரியும்? ரெண்டு நிமிடத்தில் மடியிலிருந்து குதித்து ஓடிவிடும். அது ஓடினால் இவன் வைத்துவிடுவான். சலீமா பீவி வறுத்த நெத்திலியை முந்தானையில் முடிந்துகொண்டு உட்கார ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக ஊட்டுவார். நெத்திலி இருக்கிறவரை பூனை இருக்கும், பூனை இருக்கிறவரை மகன் இருப்பான். அப்புறம் பூனைக்கு மடி பழக வேண்டும் என்று வாரம் பூராவும் ஊட்டினார். அப்படித்தான் சுல்தான் தலையணை ஆனது.

"வண்டில ஏத்துனா டயர் உக்காந்துடும்க்கா" என்பேன்.

"கண்ணு வைக்காத சிங்காரம். எம்புள்ள அத பாத்துட்டுதான் சோறு திங்கிறான்" என்பார்.

பூனை தன் முதுகைத் தானே நக்கிச் சுத்தம் பண்ணிக்கொள்ளும் பிராணி. சுல்தானுக்குக் கழுத்து திரும்பும், இடுப்பு திரும்பாது. நக்கப் போய், பாதியில் கவிழ்ந்து, ஒன்றும் நடக்காத மாதிரி படுத்துக்கொள்ளும். நாங்கள் சிரித்தோம். முதுகில் முடி உருண்டை உருண்டையாகத் திரள ஆரம்பித்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

முதலில் சிரிக்காதவள் மீன் விற்கிற செல்லாயி. கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பூனையின் இடுப்பைத் தடவினாள். கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாயம்மா, இது சட. அம்மன் சட வுழுந்திருக்குது. கத்திரிக்கோல் வச்சிடாத, குடும்பத்துக்கு ஆவாது."

"எங்க வூட்டு பூனைக்கு ஒங்க அம்மன் எதுக்குடி வரா?"

"அவளுக்கு மீன் வாசன புடிச்சிருக்கும். இந்தத் தெருவுல ஒன் வூட்ல தான ஜாஸ்தி மீனு."

சலீமா பீவி அவளைத் திட்டி அனுப்பினார். ஆனால் அன்றைக்குக் கத்திரிக்கோலை எடுத்துப் பீரோவுக்குள் வைத்ததும் அவர்தான்.

மருந்துக்கடையில் கேட்டார். கடைக்காரர் மாத்திரை எண்ணிக்கொண்டே, "சிக்கு எடுத்துடுங்க, சரியாயிடும்" என்றார். அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நம் ஊரில் சிக்கெடு என்றால் யாருக்கும் யோசனையே தேவையில்லை. தேங்காய் எண்ணெயைத் தலை வழிய ஊற்று, ஊற வை, சீயக்காய் போட்டு அலசு, சீப்பை விட்டு இழு. சலீமா பீவி தன் தலைக்கு வாழ்நாள் பூராவும் செய்தது. பூனைக்கும் அதையே செய்தார். செக்கெண்ணெய் அரைப் பாட்டில். சீயக்காய் கண்ணில் படாமல் இருக்க முகத்துக்குத் துணி கட்டினார். பூனை போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெரு ஆள்கள் வந்து, யாரை அடிக்கிறீங்க என்று கேட்டார்கள்.

கயிறு திரிக்கிறவனைக் கேட்டால் சொல்லியிருப்பான், நனைந்த நார் காயும்போது இறுகும் என்று. மறுநாள் சுல்தானின் முதுகு தேங்காய் நார் மிதியடி மாதிரி ஆகிவிட்டது. விரல் நுழையவில்லை. சீப்பு நுழையவில்லை. தோலோடு சேர்ந்து அப்படியே இறுகி, பூனை ஒரு எட்டு வைத்தால் முதுகுத்தோல் மொத்தமும் இழுக்கும். அது நடப்பதை நிறுத்தியது. தொட வந்தால் சீறியது. கட்டிலுக்கு அடியில் போய் மூலையில் ஒட்டிக்கொண்டது.

அந்த வெள்ளிக்கிழமை எப்படியோ பூனையின் முகத்தை மட்டும் காட்டிச் சமாளித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அது வெளியே வரவில்லை. "தூங்குறான்" என்றார். அதற்கடுத்ததும் தூங்குறான்தான். நான் அன்றைக்கு அவர் வீட்டில் கேஸ் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் நசீர் குரல் கேட்டது.

"எப்ப கேட்டாலும் தூங்குறானா? மௌத்தாயிட்டானா? எங்கிட்ட மறைக்கிறியா?"

"அல்லாவே, இல்ல ராஜா. இருக்கான்."

"இருந்தா காட்டு. வர்ற வெள்ளிக்கிழம காட்டலன்னா நான் இனிமே கூப்புடறதுக்கு வேலயே இல்ல."

போன் கட்டானது. சலீமா பீவி பிடித்த போனைக் கீழே இறக்கவேயில்லை. ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு, காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பீரோவிலிருந்து கத்திரிக்கோலை எடுத்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, பூனையை இழுத்து, முடியைத் தூக்கிப் பிடித்து ஒரு வெட்டு. முடி என்று நினைத்துத் தூக்கியதில் தோலும் சேர்ந்து வந்திருக்கிறது. ரத்தம். பூனை அவர் கையைக் கிழித்துவிட்டது. அவர் கையில் வழிந்ததும் அதன் முதுகில் வழிந்ததும் ஒன்றாகிப் புடவை பூராவும் சிவப்பு. அந்தக் கோலத்தில் செருப்பில்லாமல் ஸ்டாண்டுக்கு ஓடிவந்தார்.

"சிங்காரம், வண்டிய எடு. அறுத்துட்டேன்."

நான் ஒரு நிமிடம் ஆளையே அறுத்துவிட்டார் என்று நினைத்துப் பயந்துபோனேன்.

சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் பக்கம் எழிலன் என்று ஒரு டாக்டர், மாணவர்களின் நாய், பூனையெல்லாம் பார்ப்பார் என்று சவாரிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். காய்கறிக் கூடையில் சுல்தானை வைத்து, மேலே துண்டு கட்டி, கிளம்பினோம். செம்மங்குப்பம் கேட்டில் வண்டி நின்றபோது கூடையிலிருந்து ஒரு முனகல் வந்தது. அதற்கப்புறம் அதுவும் இல்லை. சலீமா பீவி துண்டுக்குள் கையை விட்டு மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். உதடு ஓதிக்கொண்டே இருந்தது.

டாக்டர் பூனையைப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா தேச்சீங்க?"

"தேங்காண்ண தான் டாக்டர். நல்ல செக்கெண்ண."

"அதுக்கப்புறம்?"

"சீயக்கா."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நான் டிரைவர் சார்" என்றேன்.

"எப்பத்துலேந்து சாப்புடல?"

சலீமா பீவி கூடையில் கட்டியிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தார். பூனை சாப்பிடாததை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

"குண்டுப் பூன பட்டினி கெடக்கக் கூடாதும்மா. ஒடம்புல இருக்குற கொழுப்பு கல்லீரலுக்குப் போயிடும். இத செரைச்சுதான் எடுக்கணும். முழிச்சிருந்தா விடாது, ஊசி போடணும். இந்த எடைக்கு மயக்க ஊசி கொஞ்சம் பயந்தான். போடலன்னா அடியில தோலு அழுகிடும். நீங்கதான் சொல்லணும்."

"போட்டா பொழைக்குமா?"

"பாப்போம். உறுதியா சொல்ல மாட்டேன்."

சலீமா பீவி வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

"அது செத்துட்டா எம்புள்ள எதுக்கு போன் பண்ணுவான் சிங்காரம்? எம்மூஞ்ச பாக்கவா பண்ணுவான்?"

"அப்புடி சொல்லாதக்கா."

"நீ பாத்தியே. ஒரு நாளு என்னை கேட்டுருக்கானா? நீ நல்லாருக்கியான்னு? நானும் பரவால்லன்னு இருந்தேன். பூனய கேக்குறான், பூன எம்மடியில தான இருக்குது. கொரலு கேக்குது. போதும்னு இருந்தேன்."

அப்புறம் எழுந்து உள்ளே போய், "போடுங்க" என்றார்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அது நிற்கும்போதெல்லாம் அவர் எழுந்து நின்றார். திரும்ப ஓடினால் உட்கார்ந்தார்.

கடைசியில் டாக்டர் கதவைத் திறந்தார். மேஜையில் ரெண்டு இருந்தன. ஒன்று, ஒரே துண்டாகப் பனியன் கழட்டின மாதிரி உரிந்து வந்த முடி. இன்னொன்று, தலையிலும் வால் நுனியிலும் மட்டும் முடி வைத்த ரோஸ் நிறப் பூனை. தோலெல்லாம் சிவந்து புண்ணாக இருந்தது. வயிறு ஏறி இறங்கியது. சலீமா பீவி அந்த வயிற்றின் மேல் கையை வைத்தார்.

"இனிமே வறுத்த மீனு, கருவாடு எதுவும் கெடையாது" என்றார் டாக்டர். "நான் சொல்ற தீனி, சொல்ற அளவு. மெதுவா எளைக்கட்டும். மடியில வச்சு ஊட்றதும் வேணாம்."

"மடியில வச்சா?"

"ஊட்றது வேணாம்."

திரும்பி வரும்போது நசீர் படித்த பல்கலைக்கழக கேட்டைத் தாண்டினோம். போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டவர் இப்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு எங்க இருக்குது சிங்காரம்? ஒனக்குத் தெரியாம இருக்காது."

"கம்மாபுரத்துல குடுத்திருக்காங்கக்கா. வூட்டுக்காருக்கு நெய்வேலில வேல."

"புள்ள?"

"ஒன்னு இருக்குது."

கூடையை மடியில் ஏற்றிக்கொண்டார்.

தெரு சும்மா இருக்குமா? எந்தக் கோயிலில் மொட்டை, காது குத்து எப்போது, விருந்து உண்டா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். செல்லாயி மட்டும் எட்டி நின்று, "சடைய எடுத்துட்டியே பாயம்மா, கேட்டுட்டு எடுத்திருக்கலாம்" என்றாள். சலீமா பீவி கூடையை வீட்டுக்குள் கொண்டுபோய் இறக்கினார். சுல்தான் கூடையிலிருந்து இறங்கி, தள்ளாடி, நேராகக் கட்டிலுக்கு அடியில் போனது. தீனித் தட்டை அதன் மூக்கு வரைக்கும் தள்ளிவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தின்னவில்லை. மறுநாள் ரெண்டு வாய் தின்றது. அந்த ரெண்டு வாயைத் தெரு பூராவும் சொன்னார்.

ஆனால் மடிக்கு மட்டும் வரவில்லை. அவர் கையைப் பார்த்தாலே பின்னுக்கு நகர்ந்தது. எண்ணெய், சீயக்காய், கத்திரிக்கோல் எல்லாம் அந்தக் கைதானே.

வெள்ளிக்கிழமை வந்தது. புண்ணுக்குத் தடவுகிற மருந்தை வாங்கிக்கொண்டு நான் வாசலில் நிற்கிறேன், உள்ளே போன் அடிக்கிறது. கட்டிலுக்கு அடியில் குனிந்து, "வாடா, ஒரே ஒரு நிமிசம் வாடா, ஒன் வாப்பா நசீரு கூப்புடுறான் பாரு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ரெண்டு கண் மட்டும் இருட்டில் மின்னியது. அடுப்படிப் பக்கம் பார்த்தார். நெத்திலி டப்பா அங்கேதான் இருந்தது. ஒரு பிடி போதும், வந்துவிடும். எழுந்து டப்பாவை எடுத்து மூடியையும் திறந்துவிட்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

மூடியைத் திரும்ப அழுத்தினார். வந்து, போனை எடுத்து, தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"சுல்தான் எங்க?"

"கட்டுலுக்கு அடியில இருக்கான். வர மாட்டான். நான்தான் எண்ணெய தேச்சுக் கெடுத்துட்டேன். முதுகு பூரா புண்ணு. செரைச்சு எடுத்தாச்சு. பொழைச்சுட்டான், இன்னைக்கு தின்னான். மீன் குடுக்கக் கூடாதாம். மீனு குடுத்தாதான் எங்கிட்ட வருவான். இப்ப நான் மட்டும் தான் ராஜா இருக்கேன். என்னைதான் காட்ட முடியும்."

சலீமா பீவி கட்டாகிவிட்டதா என்று போனைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். ஆகவில்லை. நசீர் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையில இன்னா கட்டு?"

"ஒன்னுமில்ல. அவன் கீறிட்டான்."

அப்புறம் பூனையிடம் கேட்கிற அதே குரலில் கேட்டான்.

"சாப்டியா?"

"சாப்ட்டேன்" என்றார்.

வாசலில் நின்ற எனக்கு அடுப்படி நேராகத் தெரியும். அடுப்பு பற்றவே இல்லை. அரிசி முறத்திலேயே கிடந்தது.