விருந்து மந்திரமும் ஆறு மிளகும்

ஆறு முகமும் அருள்விழியும் கைவேலும்
கூறும் மொழிக்குத் துணை.

இன்று ஐப்பசி வளர்பிறைப் பிரதமை. கந்தசஷ்டிக்குக் காப்புக் கட்டும் நன்னாள். வேலவன் திருவடியை நெஞ்சில் இருத்தி, சிறுவயதில் கண்ட ஒரு சஷ்டியை எழுதத் தொடங்குகிறேன்.

எழுதத் தூண்டியது நேற்று மாலை நடந்த ஒரு சண்டை. கண்டி நகரில் என் மகன் வீட்டு முன்னறையில், பேத்தியும் அவள் தோழியரும் பல முகப் பகடைகளை உருட்டிக் கதை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரராகவும் மந்திரவாதியாகவும் அதற்குள் புகுந்து செல்லும் விளையாட்டு அது. மந்திரம் மலிந்து கிடக்கும் உலகத்தில் அரிசியையும் அம்பையும் தீப்பந்தத்தையும் எண்ணி வைப்பது எதற்கு என்பது ஒருத்தியின் வாதம். எண்ணாவிட்டால் அது விளையாட்டே இல்லை என்பது மற்றவளின் வாதம். கையில் உருத்திராக்க மாலையோடு அமர்ந்திருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதே வழக்கைப் பத்து வயதில் நானும் ஆடித் தோற்றிருக்கிறேன்.

அப்போது நாங்கள் ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தோம். அடுத்த அறையான காம்பராவில் அம்மாவின் தம்பியான மாமாவும் அவர் மனைவியான மாமியும் இருந்தார்கள். மாமி கொழுந்து பறித்தார். மாமா நாள்தோறும் மலையிறங்கிச் சென்று, நகரத்தில் வெள்ளைக்காரப் பயணிகள் தங்கும் விடுதி ஒன்றில் அறை அறையாக உணவுத் தட்டம் சுமந்தார். உணவைச் சுமப்பதிலும் உண்பதிலும் அவருக்கு இருந்த ஈடுபாடு ஒரு பக்தனின் ஈடுபாட்டுக்குச் சற்றும் குறைந்ததன்று.

அவர்களுக்கு மணமாகி ஒன்பது ஆண்டுகள். மடியில் குழந்தை இல்லை. முந்தைய ஆண்டு மாமி சஷ்டி விரதம் பிடித்து, மூன்றாம் நாள் கூடையோடு மலைச்சரிவில் மயங்கி விழுந்தார். ஆகவே அவ்வாண்டு மாமா தாமே விரதம் ஏற்றார். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, இப்படியே ஏறி ஆறாம் நாள் ஆறு. அவற்றோடு கோயில் தீர்த்தம். அதுவே எங்கள் குடும்பத்தில் மிளகு விரதத்தின் முறை.

"உங்களாலயா? வடைய கண்டா கும்புட்டுட்டு நிக்கிற ஆளு நீங்க!" என்றார் மாமி.

"நீ கூடைய தூக்கிட்டு மலை ஏறணும். நான் தட்ட தூக்கிட்டு மாடி தானே ஏறணும்? நான் இருக்கேன் புள்ள" என்றார் மாமா.

விரதம் எதற்கு என்பதை என்னிடமும் அண்ணனிடமும் எவரும் சொல்லவில்லை. ஆறு நாளும் முறியாமல் நிற்க வேண்டும் என்பது மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் விடுதியில் தங்கிப் போன ஒரு பயணி, வேண்டாமென்று விட்டுச் சென்ற அட்டைப் பெட்டி மாமாவின் கைக்கு வந்தது. உள்ளே ஒரு சிறு புத்தகமும், நான்கு முகம் முதல் இருபது முகம் வரை விதவிதமான பகடைகளும். விடுதி ஆங்கிலத்தைக் கொண்டு மாமா அந்தப் புத்தகத்தைப் பாதி படித்தார். மீதியைத் தாமே படைத்தார். கோயில் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் பாய் விரியும். அண்ணன் வில்லாளி, நான் மந்திரவாதி. ஆறு நாளில் மலை உச்சிக் குகையின் அசுரனை வெல்ல வேண்டும்.

"மாமா, நான் எத்தன தடவ மந்திரம் போடலாம்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"பொத்தகத்துல கணக்கு போட்டிருக்கான். நமக்கு எதுக்கு அந்தக் கஞ்சத்தனம்? மந்திரம்னா மந்திரந்தான். போடு!"

என் மந்திரங்களுள் தலையாயது விருந்து மந்திரம். இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் மட்டும் பலிக்காது. பலித்தால், இலையில் என்னென்ன வந்து இறங்கின என்று மாமா விவரிக்க வேண்டும். அவர் விவரித்தால்தான் அது விருந்து.

இரண்டாம் நாள் இடியாப்பமும் சொதியும் வரவழைத்தேன். ஆவி பறக்கும் இடியாப்பத்தின் மேல் சொதி எப்படி இறங்கி ஊறுகிறது என்பதை மாமா கண்களை மூடிச் சொன்னார். சொல்லி முடித்து நெடுநேரம் கண்களைத் திறக்கவில்லை. அன்றே பாற்சோறு ஒருமுறை, கருப்பட்டி மணக்கும் வட்டிலப்பம் இருமுறை.

"நான் பன்னெண்டு அம்ப எண்ணி எண்ணி எய்யிறேன். இவ தின்னுக்கிட்டே வர்றா!" என்று அண்ணன் கணக்கு எழுதும் கொப்பியை மூடினான்.

மூன்றாம் நாள் நான் கோழிக்கறி கேட்டேன். மாமா மசாலையை வறுக்கத் தொடங்கியதுதான் தாமதம், கூரை வரை எட்டாத லயத்துச் சுவருக்கு மேலாக மாமியின் குரல் வந்தது.

"என்னாங்க, விரத வீட்டுல கோழிப் பேச்சா?"

"கோழி குகைக்குள்ள இருக்குடி!"

"குகையில இருந்தாலும் வாய் உங்க வாய்தானே!"

அந்த நொடியிலிருந்து எங்கள் மாய உலகம் முழுவதும் சைவமாயிற்று. அசுரனும் சைவம்தான் உண்டான்.

நான்காம் நாள் மாமா நடந்து வந்த நடையிலேயே சோர்வு தெரிந்தது. பாயில் அமர்ந்ததும் புதிய சட்டத்தை அறிவித்தார். இனி விருந்து மந்திரம் ஒரே ஒருமுறை. மற்றபடி மூட்டையில் உள்ள கட்டுச்சோற்றுப் பொட்டலங்கள் ஆறும், தீப்பந்தங்கள் நான்கும்தான் துணை. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

"மந்திரம் இருக்கிறப்ப சோத்த எண்ணுறது எதுக்கு மாமா? அப்ப நான் என்னா மந்திரவாதி?" என்று குமுறினேன்.

"எண்ணாட்டி பயமே இல்ல. பயமில்லாட்டி ஜெயிச்சா என்னா, தோத்தா என்னா?" என்றான் அண்ணன், தான் எழுதிய சட்டம் போல.

மாமா பொதுவாகச் சிரித்துவைத்தார். ஆட்டத்தின் சுவைக்காக அவர் சட்டம் செய்கிறார் என்றே நான் நினைத்தேன். பசித்தவரை உட்காரவைத்து வட்டிலப்பம் வருணிக்கச் சொன்னது எத்தகைய கொடுமை என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஆனால் விந்தை, ஆட்டம் அன்றுதான் சூடுபிடித்தது. ஒவ்வொரு பொட்டலமாக அவிழ்க்கும்போதும் மீதியை இருமுறை எண்ணிப் பார்த்தேன். மூன்றாம் பந்தம் அணைந்தபோது நிசமாகவே இருட்டிவிட்டதுபோல் அண்ணனின் தோளைப் பற்றிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் குகை வாயிலை அடைந்தோம். அங்கே கிழட்டு அரக்கன் ஒருவன் காவல் இருந்தான். அவன் பசி தீர்த்தாலன்றி வழி விட மாட்டான். எங்களிடம் எஞ்சியவை இரண்டு பொட்டலங்கள், ஒரு பந்தம், ஒரு விருந்து மந்திரம். நான் தயங்கவில்லை, உருட்டினேன். பதினேழு!

மாமா விவரிக்கத் தொடங்கினார். இரண்டு நாள் அடக்கிவைத்த அத்தனையும் பெருகி வந்தது. வாழையிலை, வெண்சோறு, பருப்பு, நெய், அப்பளம் நொறுங்கும் ஒலி. கண்கள் பாதி மூடியிருந்தன. எங்களுக்காக அம்மா வைத்திருந்த கச்சான் கடலைத் தட்டை நோக்கி அவருடைய வலக்கை தானாகவே நகர்ந்தது. இரண்டு பருப்புகளை எடுத்தது. உயர்ந்தது. பேசிக்கொண்டிருந்த வாய்க்கு அருகே வந்தது.

வாசலில் மாமி நின்றார். அவர் முகத்தில் இருந்த வெண்மையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் பகடையின் மேல் உள்ளங்கையை அழுத்தி மூடினேன்.

"மாமா, நிப்பாட்டுங்க! பலிக்கல! ஒன்னு விழுந்திருக்கு!"

அண்ணன் வாயைத் திறந்தான். அவன் காலை மிதித்தேன். மாமா கண் விழித்தார். மூடிய என் கையைப் பார்த்தார். பிறகு உதட்டருகே நின்ற தம் கையைப் பார்த்தார்.

"ஒன்னா?"

"ஒன்னுதான் மாமா."

"அப்ப விருந்து இல்ல" என்று கச்சானைத் தட்டிலேயே போட்டுவிட்டு, கண்ணில் நீர் வருமளவு சிரித்தார். மாமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அரக்கனுக்கு எங்கள் கடைசி இரண்டு பொட்டலங்களையும் கொடுத்தோம். ஆறு நாளும் நான் செய்த மந்திரங்கள் எவையும் இன்று நினைவில் இல்லை. கொப்பியில் இரண்டை அடித்துச் சுழி போட்ட அந்தப் பென்சில் கோடு மட்டும் கண்முன் நிற்கிறது. பேத்தியின் வழக்கில் என் தீர்ப்பும் அதுதான். இறைவன் அருளுக்கு அளவு கேட்பது பிழை; நம் மூட்டையில் இருப்பதற்கு அளவு வேண்டும். அளவில்லாத ஒன்றை எடுத்து ஒருவருக்குக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் கோயிலில் சூரன் விழுந்தான். இஸ்தோப்பில் எங்கள் அசுரனும் வெறும் வயிற்று வீரர்களிடம் விழுந்தான். ஏழாம் நாள் காலை விரதம் முடிக்கும் பாறணை. மாமி இலை போட்டுப் பரிமாற, மாமா ஒவ்வொரு பண்டத்தையும் குகையில் வருணித்த அதே குரலில் வருணித்து வருணித்து உண்டார். லயமே கூடி நின்று சிரித்தது.

"இம்புட்டு பசியோட முருகன்கிட்ட என்னாதான் மாமா கேட்டீங்க?" என்றேன்.

மாமா சோற்றைப் பிசைந்தபடி மாமியை நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம ஆட்டத்துக்கு இன்னொரு ஆளு வேணும்னு கேட்டேன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமன்று.

"இன்னொரு ஆளா? ஆறு பொட்டலம் எப்படி மாமா காணும்? யாரு வந்தாலும் எம் பங்க குடுக்க மாட்டேன்!"

வீடு அதிரச் சிரித்தார்கள். மாமி மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. நான் சொன்னது நியாயம்தானே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எண்ணியவாறு, கொப்பியைத் திறந்து ஆறை மூன்றால் வகுத்துப் பார்த்தேன். தலைக்கு இரண்டு, போதுமானது. பரவாயில்லை, காணும் என்று மாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏன் என்னை அப்படி இறுக அணைத்துக்கொண்டார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

இதை வாசிப்போர் எல்லோருடைய இல்லத்திலும் இலைகள் நிறைக; கேட்டது கேட்டபடி வந்து மடியில் தவழ்க; கந்தன் கருணை அனைவரையும் காக்க.