அம்மாவின் ஃபில்டரும் ஆறரை மணி பஸ்ஸும்

காப்பிக்கொட்டை வறுபடும்போது முதலில் வருவது வாசனை என்று சொல்கிறவர்கள் தூளைக் கடையில் வாங்குகிறவர்களாகத்தான் இருப்பார்கள். முதலில் வருவது புகை. உடைந்த பானையின் அடிப்பாகத்தை விறகடுப்பில் ஏற்றி, கொட்டையைப் போட்டு அம்மா கிண்டக் கிண்ட, வேர்க்கடலைத் தோல் தீய்கிற மாதிரி ஒரு நெடி எழும்பும். கண் கரிக்கும், தொண்டை கமறும், வாசலில் கட்டியிருக்கிற ஆடுகூட இரண்டு தும்மல் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இவ்வளவுக்கும் பிறகு, கொட்டை படபடவென்று வெடித்துக் கறுக்கிற சமயத்தில்தான் வாசனை என்கிற மகராணி எழுந்தருளுவாள். அப்போது பக்கத்துக் கொல்லையில் சாமைக்குக் களை எடுக்கிறவர்களும் இடுப்பை நிமிர்த்திக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் பார்ப்பார்கள்.

ஜவ்வாது மலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், பலா மரத்து நிழலில் கொஞ்சம் காப்பிச் செடிகள் இருந்தன. பழத்தைப் பறித்துக் காயவைத்து, உரலில் குத்தித் தோல் நீக்கி, வறுத்து, மறுபடியும் உரலில் இடித்தால் அதுதான் எங்கள் காப்பித்தூள். காப்பி போடும் கருவி என்று எங்கள் வீட்டில் இருந்தது ஓர் அலுமினியக் குண்டான். அதில் தண்ணீர், தூள், வெல்லம் மூன்றையும் ஒன்றாய்ப் போட்டுக் கொதிக்கவிட்டு, இறக்கி வைத்து, அடியில் படியட்டும் என்று சற்றுப் பொறுத்து, மேலாக ஊற்றிக்கொள்வோம். அதற்கு "வரக்காப்பி" என்று பெயர். கடைசி மடக்கில் நாக்கில் மண் மாதிரி நெறுநெறுக்கும், துப்பிவிட்டு வேலையைப் பார்ப்போம். அதைக் குறை என்று யாரும் நினைத்ததில்லை.

எங்கள் ஊர்தான் பஸ்ஸுக்குக் கடைசி ஊர். இருட்டிய பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து புளிய மரத்தடியில் நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் அதற்குள்ளேயே படுத்துக்கொள்வார்கள். காலை ஆறரைக்குத் திரும்பக் கீழே போகும். "பஸ்காரங்க" பட்டினி கிடந்தால் ஊருக்கே கேவலம் என்பது எங்களவர்கள் எண்ணம். அதனால் ராத்திரிச் சோறு முறை வைத்து வீட்டுக்கு வீடு மாறும். காலைக் காப்பி மட்டும் புளிய மரத்துக்குப் பக்கத்து வீடான எங்கள் வீட்டில்.

அந்த பஸ்ஸில்தான் நானும் வள்ளியும் ஜமுனாமரத்தூருக்கு உயர்நிலைப் பள்ளி போய் வந்தோம். வள்ளி என்னோடு படித்தவள், என் உயிர்த் தோழி, ஓடைக்கு அந்தப் பக்கம் தனி வீட்டில் இருந்தாள். அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் கர்நாடகாப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். தாத்தாவுக்கும் தம்பிகளுக்கும் கஞ்சி காய்ச்சி வைத்து, ஆட்டைக் கட்டிவிட்டு, ஓடையைத் தாண்டி அவள் ஓடி வருவதற்குள் எனக்கு இங்கே உயிர் போய் உயிர் வரும். காரணம் இருந்தது. பள்ளி விட்டபின் பஸ் வரும்வரை கடைத்தெருவில் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். "ரெண்டு பேரா போனா போங்க, ஒத்தையில ஒருத்தியும் போவ வாணாம்" என்று என் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் பஸ்ஸை விட்டால் நானும் இறங்கிவிட வேண்டியதுதான்.

பழைய டிரைவர் தங்கமானவர், ஹாரனை அடித்து அடித்து ஊரையே எழுப்பியாவது எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவார். அவர் மாற்றலாகிப் போய் கோவிந்தசாமி என்பவர் வந்தார். படவேட்டுக்காரர், மீசையும் கைக்கடிகாரமுமாக ஆள் பார்க்க மிடுக்கு. வந்த வாரத்திலேயே வள்ளி ஓடைக்கரையில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "நில்லுங்கண்ணே" என்று கத்தக் கத்த வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுவாரமும் அதே கதை. அப்பாவுக்கு வந்ததே கோபம், "இன்னொரு தபா இப்பிடி ஆச்சின்னா படிச்சது போதும், ரெண்டு பேரும் ஆடு ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று எங்களுக்குத் தெரியும்.

அடுத்த நாள் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு அம்மா டிரைவரிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"நான் இன்னாம்மா பண்றது? கீழ போய்ச் சேர்ற டைம எழுதிக்கிறாங்க. யாருக்கோசரமும் நிக்க முடியாது, டைமுன்னா டைமுதான்" என்றவர், டம்ளரின் அடியைப் பார்த்து முகத்தைச் சுளித்துத் துப்பினார். "அட இன்னாம்மா இது, காப்பில பாதி மண்டிதான் கீது! எங்க வூட்ல ஃபில்டர் காப்பி குடிச்சி வளந்த ஒடம்பும்மா இது."

வேறு யாராவதாக இருந்தால் முதலில் சொன்னதைக் கேட்டு மனம் தளர்ந்திருப்பார்கள். என் அம்மா இரண்டாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நல்ல காப்பியாகக் கொடுத்தால் மனுஷன் மனசு இளகாதா என்று அவளுக்கு ஒரு கணக்கு.

அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் தொடங்கினாள். அதில் வடிகட்டிய காப்பியைக் குடித்துவிட்டு டிரைவர், "மண்டி இல்லம்மா, ஆனா சோப்பு வாசன வருது" என்றார்; வேட்டி கிழிந்ததற்காக அப்பா போட்ட சத்தம் தனிக்கதை. பிறகு கூடைக்காரியிடம் ஒரு பிளாஸ்டிக் வடிகட்டி வாங்கினாள். அது அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்து, மறுநாளே கருவாடு மாதிரி சுருண்டுவிட்டது. கடைசியில் புளி விற்கத் திருப்பத்தூர் போன அம்மா, பாத்திரக்கடையில் எவர்சில்வர் ஃபில்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். எப்படிப் போடுவது என்று கடைக்காரர் விளக்கமாகச் சொன்னாராம், பஸ் போய்விடப் போகிறதே என்கிற பதைப்பில் அம்மா எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

ஃபில்டர் பார்க்க ஊரே வந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஓட்டை, தலைக்கு மூடி. "இன்னாக்கா இது, மாடி வூடு மாதிரி கீதே" என்று சின்னம்மா, அதாவது என் சித்தப்பாவின் மனைவி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அம்மா குளித்துவிட்டு வந்து, மேல்மாடியில் தூளைப் போட்டாள், கூடவே ஒரு பிடி வெல்லத்தையும் நசுக்கிப் போட்டாள். காப்பி என்றால் தூளும் வெல்லமும் சேர்ந்துதானே போகவேண்டும், பரம்பரையாக அப்படித்தானே? கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடினாள். "ஃபில்டரா? நெசமாவா?" என்று டிரைவர் முகம் மலர்ந்து உரல் மேல் உட்கார்ந்தார், கண்டக்டரும் பக்கத்தில் குந்தினார். வடியக் காணோம். சின்னம்மா கீழ்ப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்து, "ஒரு சொட்டுகூட எறங்கலியேக்கா" என்றாள். அம்மா கரண்டியால் தட்டினாள், ஊதினாள், குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். உரலில் இடித்த தூளும் வெல்லப்பாகும் கலந்து களி மாதிரி ஓட்டைகளை அடைத்துக்கொண்டால் எங்கேயிருந்து இறங்கும்? டிரைவர் கடிகாரத்தைப் பார்ப்பார், ஃபில்டரைப் பார்ப்பார். அதற்குள் முதல் சொட்டு விழுந்து வாசனை கிளம்பிவிட்டது. அப்புறம் அந்த மனுஷனால் எழுந்திருக்க முடியவில்லை. "இவ்ளோ நேரம் உக்காந்தாச்சி, ஒரு வாய் குடிச்சிட்டே போயிடலாம்யா" என்று கண்டக்டரைச் சமாதானம் பண்ணினார்.

அந்த நேரத்தில்தான் வள்ளி வந்தாள். பாவாடை நனைந்து, மூச்சு இரைக்க, பஸ் போயிருக்கும் என்றே நினைத்து அழுதுகொண்டு வந்தவள், உரல் மேல் உட்கார்ந்திருந்த டிரைவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா வள்ளியைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள், ஃபில்டரைப் பார்த்தாள்.

அன்றைக்கு மத்தியானம் ஈர்க்குச்சியால் ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் பண்ணும்போது அம்மாவுக்கு விஷயம் புரிந்துபோனதாம், தனியாக உட்கார்ந்து சிரித்தாளாம். "வெல்லத்த மேல போடாதக்கா, அதான் அடைக்குது" என்று சின்னம்மா யோசனை சொல்ல, "நீ சும்மா இருடி" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வெல்லம் தித்திப்புக்கு மட்டும் என்பது போய், நேரத்துக்கும் ஆயிற்று. வானம் வெளுத்திருந்தால் கொஞ்சம் போடுவாள். மழை பெய்து ஓடையில் தண்ணீர் ஏறியிருந்தால் கட்டியாகவே போடுவாள். வள்ளியின் தலை ஓடை மேட்டில் தெரிந்ததும் கரண்டிக்காம்பால் மேல் பாத்திரத்தை ஒரு கலக்குக் கலக்கிவிடுவாள், மளமளவென்று இறங்கிவிடும். "ஏம்மா, எங்க வூட்ல இத்தினி நேரம் ஆவறதில்லியே" என்று டிரைவர் கேட்டால், "மலத் தண்ணிண்ணே, மெதுவாத்தான் எறங்கும்" என்று கூசாமல் சொல்வாள். அவரும் தலையாட்டிக்கொண்டு காத்திருப்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது, பெரிய இடி ஒன்று வந்தது. எங்கள் கஷ்டத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, ஓர் ஆடி மாதத்தில் டிரைவர் தம் வீட்டுப் பித்தளை ஃபில்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். "எங்க வூட்டம்மா குடுத்துச்சிம்மா, இதுல ஓட்ட பெர்சு. ஊத்தினா தடதடன்னு எறங்கிடும்" என்றார். அம்மா முகத்தை அப்போது பார்க்கவேண்டுமே! வாங்கிக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆடியில புதுசு எடுக்கக் கூடாதுண்ணே" என்று பரணில் ஏற்றினாள். ஆவணியில் அமாவாசை போகட்டும் என்றாள். புரட்டாசியில் அஷ்டமி என்றாள், நவமி என்றாள். மார்கழி வந்ததும் அவளுக்குக் கவலையே இல்லாமல் போயிற்று. தை பிறந்து டிரைவர் ஞாபகப்படுத்தியபோது, அதில் மஞ்சள்தூள் கொட்டி வைத்துவிட்டதாகவும் வாசனை போகவேண்டும் என்றும் சொன்னாள். பாவம், அவர் அதோடு கேட்பதை விட்டுவிட்டார்.

பத்தாவது பரீட்சை வந்தது. முதல் பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் அம்மா எங்கள் இரண்டு பேருக்காகவும் சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். பக்தி முற்றிப்போய், வீட்டில் இருந்த வெல்லம் அத்தனையையும் அதிலேயே போட்டுவிட்டாள். காலையில் வெல்லப் பானையைத் துழாவினால் ஒரு துணுக்குகூட இல்லை. சின்னம்மா வீட்டிலும் இல்லை. வெறும் காப்பித்தூளில் தண்ணீரை ஊற்றினாளோ இல்லையோ, டிகாக்ஷன் கடகடவென்று இறங்கிவிட்டது. வேறு வீடாக இருந்தால் இதுவல்லவா ஃபில்டர் என்று கொண்டாடியிருப்பார்கள். அம்மா வாசலுக்கு ஓடி மேட்டைப் பார்த்தாள். வள்ளியைக் காணோம்.

நான் பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு மேட்டையே பார்க்கிறேன். டிரைவர் குடித்து முடித்தார், கண்டக்டரும் முடித்தார். மணி ஆறரை. டிரைவர் எழுந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். பிறகு திரும்பவும் உரல் மேல் உட்கார்ந்து டம்ளரை நீட்டினார்.

"இன்னாம்மா, இன்னிக்கி உங்க மலத் தண்ணி இத்தினி வேகமா எறங்கிடிச்சி? அந்தப் பொண்ணு இன்னும் வரலியே. இன்னொரு தபா போடுங்க. வெல்லத்தக் கூடவே போடுங்க."

அம்மா மறுபடியும் தூளை அள்ளினாள். "வெல்லம் இல்லண்ணே" என்று சொல்லும்போதே அழுகையும் சிரிப்புமாக வந்துவிட்டது அவளுக்கு.

"அண்ணே, டைமு..." என்று கண்டக்டர் இழுத்தார்.

"பசங்களுக்காக நின்னேன்னாதான்யா கேப்பாங்க. காப்பி குடிக்காம ஓட்னா தலைய வலிக்கும், அதுக்கு நின்னேன்னா யாரு இன்னா கேக்கப் போறாங்க?" என்றார் கோவிந்தசாமி அண்ணன். எப்போதிலிருந்து அவருக்குத் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவது காப்பி பாதி டம்ளர் இருக்கும்போது, இரவில் அவிழ்த்துக்கொண்டு ஓடிய ஆட்டைத் தேடிப் பிடித்துக் கட்டிவிட்டு, தலைகூட வாராமல் வள்ளி ஓடி வந்தாள். பஸ் போன வேகத்தில் நாங்கள் படித்ததெல்லாம் குலுங்கி ஒன்றோடொன்று கலந்திருக்கும், ஆனாலும் மணி அடிப்பதற்குள் போய் உட்கார்ந்துவிட்டோம். இரண்டு பேரும் பாஸ் ஆனோம். அந்த மனுஷனை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்கும்.

அந்த பஸ் இப்போது எங்கள் ஊரில் ராத்தங்குவதில்லை. ஓடைக்குப் பாலம் வந்துவிட்டது, வீட்டுக்கு வீடு வண்டி இருக்கிறது, பிள்ளைகளை வேன் வந்து வாசலிலேயே அள்ளிக்கொண்டு போகிறது. ரொம்ப நல்லது, இன்னும் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றும். வள்ளி மலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறாள். நான் திருப்பத்தூரில் குடியிருக்கிறேன், முட்டிவலி வந்தபிறகு அம்மா என்னோடு இருக்கிறாள். என் வீட்டுக்காரருக்குக் காப்பிப் பைத்தியம். கண்ணாடிக் குடுவையில் அமுக்கிப் பிழிகிற கருவி, அடுப்பில் வைத்தால் மேலே பொங்கி ஏறுகிற கருவி என்று ஒவ்வொன்றாக மாற்றி, செல்போனில் ஊர்ப்பட்ட பேர் சொல்கிற அபிப்பிராயத்தையெல்லாம் ராப்பகலாகப் பார்த்து, போன மாதம் பட்டனைத் தட்டினால் தானே அரைத்துத் தானே ஊற்றுகிற மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை வள்ளி வருவதாகப் போன் பண்ணியிருந்தாள், மலையை விட்டு இறங்கிவிட்டதாகவும் சொன்னாள். அம்மா கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டிவலியால் சமையலறைப் பக்கமே வராத அம்மாவுக்கு மெஷினைக் காட்டலாமே என்று அங்கே கூட்டிப்போய்ப் பட்டனைத் தட்டினேன். கர்ரென்று ஒரு சத்தம், கண்ணை மூடித் திறப்பதற்குள் காப்பி நுரை ததும்பிக் கோப்பையில் நின்றது. எப்படி என்கிற பெருமையோடு அம்மாவைப் பார்த்தேன். அம்மா கோப்பையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், முகம் சரியில்லை.

"இன்னாடி இது, இத்தினி சீக்கிரம் வந்துட்டா, வர்றவ எப்பிடிடி வந்து சேருவா?" என்றாள்.