கூண்டு வைத்தவர் இயேசுதாசன்

இயேசுதாசனுக்கு அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளை முதல் நாளே பிடிக்கவில்லை. 1977 ஜூலையில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து பதினான்கு பேர், ஒரு பேராசிரியரோடு வந்து இறங்கினார்கள். மூன்று வாரப் படிப்பு. வனவிலங்குப் பாதுகாப்பும் பண்பாடும் என்று அதற்குப் பெயர். காலையில் காட்டில் குரங்கு எண்ணுவார்கள். மாலையில் தமிழர் கடைகள் நிறைந்த சிராங்கூன் ரோட்டுக்குப் போய்ப் பூக்கடையையும் கோயிலையும் படம் பிடிப்பார்கள். அவர்கள் நடக்கிற பாதையில் முள் வெட்டி வைப்பது இயேசுதாசனின் வேலை.

நீர்த்தேக்கத்தை ஒட்டிய அந்தக் காட்டில் அவர் இருபத்தைந்து வருடமாகக் கூலி. பதினெட்டு வயதில், வெள்ளைக்கார ஓவர்சியர் காலத்தில், பாராங்கத்தியோடு உள்ளே போனவர். குவீன்ஸ்டவுனில் ஓரறை வீடு, மனைவி அந்தோனியம்மாள், செகண்டரி படிக்கும் மகள் உர்சுலா, ஞாயிறு தவறாமல் பூசை. அதிகம் பேசமாட்டார். ஒன்றை மனதில் வைத்துவிட்டால் அது லேசில் ஆறாது.

அப்படி அவர் மனதில் ஏற்கெனவே இருந்தவர் தனசேகரன். காட்டுக்குப் பொறுப்பான இளம் அதிகாரி. தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை ‘நீ’ என்பார். விருந்தாளிகள் எதிரில் மட்டும் ‘அங்கிள்’.

நான்காம் நாள் தனசேகரன் ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினார்.

“நாளைக்கு கல்ச்சர் செஷன். இதக் கொரங்குக்குக் குடுத்துட்டு ஒரு கும்பிடு போடு. அவங்க போட்டோ எடுக்கணுமாம்.”

“நான் சர்ச்சுக்குப் போறவன் சார்.”

“அவங்களுக்கு என்ன தெரியும்? தமிழனா இருந்தா போதும் லா.”

“அப்ப நீங்களே கும்பிடுங்க சார். நீங்களும் தமிழன்தான?”

பக்கத்தில் நின்ற கிளார்க் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் தனசேகரனால் தாங்க முடியவில்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. என்ன வேலை என்பது கிளார்க் கையில் சீட்டாக வரும்.

அடுத்த வாரம் வந்த சீட்டு குரங்கு பிடிக்கச் சொன்னது. காட்டோரத்து வீடுகளில் குரங்குகள் சமையலறை வரை வருகின்றன என்று புகார். வடக்குப் பாதையில் கூண்டு வைத்து மூன்றைப் பிடிக்க வேண்டும். கீழே தனசேகரனின் கையெழுத்து. இயேசுதாசன் கூண்டை வைத்துவிட்டுச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை தெற்குப் பாதை மழையில் சரிந்து கிடந்ததால் பிள்ளைகள், பேராசிரியரும் தனசேகரனும் கூடவர, வடக்கே வந்துவிட்டார்கள். கூண்டுக்குள் ஒரு தாய்க்குரங்கு. கம்பியை இழுத்து இழுத்து அதன் விரல்கள் கிழிந்திருந்தன. அந்த நேரம் பார்த்துக் கோணிச்சாக்கோடு இயேசுதாசன் வந்து சேர்ந்தார்.

ஜூடித் என்ற பெண்தான் முதலில் பாய்ந்தாள். மிருகம் என்றாள், கொலைகாரன் என்றாள். முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள். மற்றவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவன் படம் எடுத்தான். இயேசுதாசன் தனசேகரனைப் பார்த்தார்.

தனசேகரன் பேராசிரியரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: “இந்தக் கூலிகள் இப்படித்தான். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.”

வெள்ளைக்காரனிடம் பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியாதா? வேர்வையில் நனைந்த சீட்டை எடுத்துப் பேராசிரியர் கையில் கொடுத்தார். அவர் படித்தார். தனசேகரனை ஒருமுறை பார்த்தார். பிறகு சீட்டை நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, நேரமாகிறது, நடங்கள் என்றார். அடுத்த வருடமும் இந்தக் காட்டுக்கு வர அனுமதி தரவேண்டியவர் தனசேகரன்தானே.

இயேசுதாசன் சாக்கைக் கீழே போட்டார். கூண்டைத் தூக்கி வந்து தனசேகரனின் பளபளத்த சப்பாத்துக் காலுக்கு முன்னால் வைத்தார். குரங்கு சீறியது. தனசேகரன் பின்வாங்கினார்.

“நீங்க கையெழுத்துப் போட்ட கொரங்கு. நீங்களே தூக்கிட்டுப் போங்க.”

திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார். மாதம் முடிவதற்குள் அவரைப் பூன் லே பகுதிக்குத் தூக்கியடித்தார்கள். தொழிற்சாலை லாரிகள் தூசி கிளப்பும் ரோட்டோரத்தில் புல் வெட்டும் வேலை. மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவு என்று தாளில் எழுதியிருந்தது. “வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?” என்று அந்தோனியம்மாள் ஒரு வாரம் திட்டினாள்.

எட்டு மாதம் கழித்து, பழைய கிளார்க் மூலமாக, ஜூடித்திடமிருந்து கடிதம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க. உர்சுலா அதைப் படித்துத் தமிழில் சொன்னாள். பேராசிரியரின் கோப்பில் அந்தச் சீட்டைத் தற்செயலாகப் பார்த்தாளாம். உண்மை தெரிந்த நாளிலிருந்து தூக்கமில்லையாம்.

“மன்னிப்புக் கேக்கறாங்கப்பா. ரிப்ளை எழுதட்டுமா?”

“வேணாம்.”

“பாவம்பா.”

“திட்டுறப்ப பதினாலு பேரு முன்னாடி நின்னு திட்டுனா. மன்னிப்பு மட்டும் கவருக்குள்ள ஒட்டி அனுப்புறாளா?”

உர்சுலா உறையை வெந்நீரில் நனைத்து, தபால்தலையை மட்டும் பிய்த்துத் தன் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டாள். இயேசுதாசன் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். பிறகு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பூன் லே பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.