அப்பா வரைந்த அருவி வழி

மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் அப்பா வரைந்த ஆப்பிரிக்காவில் டீசல் வாடை அடிக்கும். தான்சானியாவில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் "போர் லாரி" ஓட்டிக்கொண்டிருந்த அவர், லீவில் கறம்பக்குடி வந்து எத்தனை முறை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் கிரீஸ் போகாது. அந்த விரலால்தான் டார் எஸ் சலாமில் தொடங்கி, துந்துமா "பார்டர்" தாண்டி, சாம்பியாவுக்குள் புகுந்து, விக்டோரியா அருவிவரை கோடு இழுப்பார். "பார்டர்ல ரெண்டு நாளு, மூணு நாளு லாரி நிக்கும் பாப்பா. லாரிக்கடியிலயே சோறாக்கித் தின்னுக்கிட்டுக் கெடக்கலாம்" என்பார். ஒன்பதாவது முடிந்த லீவில் என்னையும் அம்மாவையும் கூட்டிப்போக முதலாளியிடம் கேட்டிருந்தார்.

நானோ பள்ளிக்கூடத்தில், அப்பா அங்கே பெரிய இன்ஜினியர், சொந்தக் காரில் அருவிக்குப் போகிறோம் என்று ஒரே பீற்றல்.

அவர் லீவில் வந்திருந்தபோது, ஒரு நாள் மத்தியானச் சோற்று நேரத்தில், கைலியும் கசங்கிய சட்டையுமாய், வழி வரைந்து சுருட்டிய காலண்டர் தாளோடு அப்பா பள்ளி வாசலில் வந்து நின்றார். முதலாளி சரியென்று போன் பண்ணிவிட்டாராம். சாயங்காலம்வரை மனிதருக்குப் பொறுக்கவில்லை. "யாருடி அது?" என்றாள் என் கூட்டாளி. "எங்க அப்பாவோட டிரைவர்" என்றேன். சத்தமாகவே சொன்னேன், பாவி!

அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. சிரித்த முகம் அப்படியே நின்றது. பிறகு அவளிடம், "ஆமாத்தா, டிரைவர்தான்" என்று சொல்லிவிட்டு, தாளை என்னிடம் நீட்டினார். "ஒங்கப்பா குடுக்கச் சொன்னாரும்மா."

வீட்டுக்குப் போகும் வழியில் அதைக் கிழித்து வாய்க்காலில் போட்டேன். அந்த லீவில் நாங்கள் போகவில்லை. முதலாளி மாட்டேனென்றுவிட்டதாக அப்பா அம்மாவிடம் சொன்னார். அந்தப் பொய்யும் எனக்காகத்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவேயில்லை.

இப்போது என் சம்பளத்தில், அவரையும் கூட்டிக்கொண்டு, அதே தரைவழியாக அருவிக்குப் போகத் திட்டம் போடுகிறேன். லாரி இல்லை, பஸ்தான். போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினால், "அங்கிட்டுப் போகாத, ரோடு மோசம்" என்று விரலை வைக்கிறார். அந்த விரலில் கிரீஸ் இல்லை. எந்த மரத்தடியில் நிழல், எங்கே நல்ல தண்ணீர் என்று அவர் தாளில் குறித்திருந்த எதுவும் இந்த வரைபடத்திலும் இல்லை.

நேற்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பார்டர்ல கூட வர்றது யாருன்னு கேப்பாங்க பாப்பா. என்னன்னு சொல்லுவ?"

"எங்கப்பான்னு சொல்லுவேம்ப்பா" என்றேன், நாற்பது வயதில், தலை நிமிராமல்.