சிரட்டைச் சுண்டும் முடியாத மணலும்

பாலர் வகுப்பில் கணக்குப் படிப்பிப்பதென்றால் பாதி நேரம் ஈர்க்குக் கிழிப்பது, மீதி நேரம் மூக்குத் துடைப்பது. அதே பாடுபட்ட ஆசிரியர்மாரே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எண்பதுகளின் தொடக்கம். கண்டாவளைப் பக்கம் ஓர் ஓலைக் கொட்டில் பள்ளிக்கூடம்.

குரும்பட்டித் தேர்

உதிர்ந்த தென்னங்குரும்பட்டி பொறுக்கிவரச் சொன்னேன். ஈர்க்குக் குத்தித் தேர் செய்தோம். ஒரு தேருக்கு நாலு சில்லு. இரண்டு தேருக்கு? வகுப்பே எட்டு என்று கத்தியது. புஷ்பம் மட்டும் வாய் திறக்கவில்லை. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவள் பேச்சை மற்றதுகள் பகிடி பண்ணும்.

தேரை மணலில் மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டிருந்தாள். விட்டால் வற்றாப்பளைக் கோயில்வரை போய்விடும் போலிருந்தது. "எத்தனை சில்லு, சொல்லன்!" என்று அதட்டினேன். பக்கத்திலிருந்த மகேசன் சொன்னான்: "சேர், அவளின்ரை தேர் ஓடுது. நிண்டாத்தானே எண்ணலாம்."

ஓலைத் தடுக்கு

ஒற்றை, இரட்டை விளங்க ஓலைத் தடுக்கு இழைப்பித்தேன். மற்றவர்களுடையது பூனை பிறாண்டியதுபோல. புஷ்பத்தினது ஒன்று விட்டு ஒன்று, பிசகில்லை.

அருவி வெட்டு, நெல் அறுவடை நேரம். புஷ்பத்தின் தாய் வாசலில் வந்து நின்றாள். "ஒன்னு ரெண்டுகூடச் சொல்ல மாட்டேங்கிறா சார். வெள்ளிக்கெழமையோட நிப்பாட்டிர்றேன். நான் வயலுக்குப் போனா கைப்புள்ளய யாரு பாக்குறது?" நான் தடுக்கைக் காட்டினேன். பார்த்தாள். "இதுக்கு வீடு போதுமே, சார்."

சிரட்டைச் சுண்டு

வெள்ளிக்கிழமை சிரட்டைக்குப் பிடி வைத்து அரிசி அளக்கும் சுண்டு செய்தோம். அரிசிக்குப் பதில் முற்றத்து மணல். புஷ்பம், சூடு மிதித்து அளக்கும் தகப்பனைப் போலவே குந்தினாள். முதல் சிரட்டையைக் கொட்டி, "லாபம்" என்றாள். களத்தில் நெல் அளப்பவர்கள் ஒன்று என்று சொல்லமாட்டார்கள், அப்படித்தான் தொடங்குவார்கள். அளந்து முடியும்வரை யாரும் குறுக்கே பேசவும் கூடாது. அதை வகுப்பும் அறியும். பகிடிக்காரர்களும் மூச்சு விடவில்லை. "ரெண்டு. மூணு."

இருபதில் தாய் வந்தாள், இடுப்பில் குழந்தை. கூப்பிட வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். குழந்தையின் வாயையும் பொத்தினாள். புஷ்பம் நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். நிறுத்தவில்லை.

முப்பது. நாற்பது. வெயிலில் மணல் பொன்னாக ஒழுகியது. ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு எழுபது என்றாள். நான் திருத்தவில்லை, எனக்கும் பேச உரிமையில்லை. மணி அடித்தது. ஒருவரும் எழும்பவில்லை. ஊர் மணல் எப்போது முடிய?

கடைசியில் தாய் என் காதோடு குசுகுசுத்தாள்: "இது இன்னைக்கு முடியாது போல, சார். திங்கக்கெழமையும் வந்து அளக்கட்டும்."

அதன் பிறகு என் வகுப்பு முழுவதும் லாபத்திலிருந்தே எண்ணத் தொடங்கியது. "ஒன்று" என்பதை அடுத்த வகுப்பு வாத்தியார் படிப்பிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.