கரும்பச்சைக் கண்ணாடியில் மீன்குஞ்சுகள்

வேலையிடத்திலிருந்து பேனா, சோப்பு என்று வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் உண்டு. நான் விஷத்தைக் கொண்டுவந்தேன். அதுவும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, பஸ்ஸில் பூப்போல.

எண்பதுகளில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுவது என் உத்தியோகம். யாழ்ப்பாண வம்சாவளி விரிவுரையாளர் ஒருவர் அங்கே மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் செய்துகொண்டிருந்தார். பாத்திரத்தின் உட்புறம் கரும்பச்சையாக ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. போகாததை ஒதுக்கிவிடச் சொல்வார்.

புக்கிட் மேரா வீட்டில் சண்டை மீன் வளர்த்தேன். ஆண் மீன்கள் ஒன்றையொன்று பார்த்தால் சிலிர்த்து மோதும் என்று போத்தல்களுக்கு நடுவே அட்டை செருகிவைப்போம். உள்ளே இருப்பது வெளியே தெரியாத கரும்பச்சைப் பாத்திரத்துக்கு அட்டையே தேவையில்லையே என்று தோன்றியது. அந்த ஞானத்துக்கு எனக்கு ஒரு பட்டமே தந்திருக்கலாம். ஒதுக்கியதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து நன்றாகக் கழுவி, ஜாலான் புசார் மீன்கடையில் வாங்கிய ஜோடியை முட்டையிட விட்டேன்.

ஆண் மீன் நுரைக்கூடு கட்டியது. குஞ்சுகள் பொரிந்தன. எல்லாவற்றுக்கும் வால் கொக்கிபோல் வளைந்திருந்தது. இருந்த இடத்திலேயே சுற்றிச்சுற்றிக் கீழே விழுந்தன. தகப்பன் ஒவ்வொன்றாக வாயில் கவ்விவந்து கூட்டில் ஒட்டியது. விழுந்தது. மறுபடி கவ்வியது. செத்ததையும் விடாமல் கவ்வியது.

மனைவிக்கு அப்போது ஏழு மாதம். நாற்காலியை இழுத்துப் போட்டு, பாத்திரத்தின் வாய்வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க இது சுத்திக்கிட்டே இருக்கு?"

"ராட்டினம் ஆடுது," என்றேன்.

வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல மாதமாக என் நகக்கண்ணில் அந்தக் கரும்பச்சைதான். அந்தக் கையால்தான் அவளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருந்தேன்.

மகள் நேரான முதுகோடு பிறந்தாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்களாவது நிம்மதியாகப் படியுங்கள். அன்றைக்கு எனக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை.

மறுநாள் விரிவுரையாளரிடம் எல்லாவற்றையும் ஒரு வேடிக்கைக் கதைபோல அவிழ்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பாத்திரத்தில் மிஞ்சிய அமிலமாகவும் இருக்கலாம், பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம் என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சார், வயித்துல இருக்கற பிள்ளைக்கு இது ஏதாச்சும் செய்யுமா?"

"அதை இன்னும் ஒருத்தரும் ஆராய்ஞ்சு பார்க்கேல்லை."